முதுமையில் புற்றுநோய்: எதுவரை மருத்துவம்?

அரியாங்குப்பத்தில் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியை நாம் எண்ணிப் பார்ப்போம். மலத்தோடு இரத்தம் போகிறது. மூலம் என்று கருதி வீட்டார் மாதக்கணக்கில் கைவைத்தியம் செய்கின்றனர். உடல் வெளுத்து, நடை தளர்ந்த பிறகே கோரிமேட்டு ஜிப்மருக்கு அழைத்துச் செல்கின்றனர். பெருங்குடலில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது. அன்றிரவே வீடு இரண்டாகப் பிரிகிறது. "நிலத்தை விற்றாவது அம்மாவைக் காப்பாற்றுவோம்" என்கிறான் மூத்த மகன். "இந்த வயதில் ஏன் அவரைத் துன்புறுத்த வேண்டும்?" என்கிறாள் மகள். பாட்டியிடம் மட்டும் எவரும் எதுவும் கேட்கவில்லை.

இருவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் பணமோ வயதோ இங்கு அளவுகோல் ஆகாது. உலகப் புகழ் பெற்ற கால்பந்து வீரர் பெலேவுக்கு 2021-இல் பெருங்குடற் கட்டி அகற்றப்பட்டது. சிகிச்சை தொடர்ந்தும், 2022 டிசம்பர் 29 அன்று தமது 82-ஆம் வயதில் அந்நோயாலேயே இறந்தார்.

நோயாளி தாமே எழுந்து நடமாடுகிறாரா, உண்கிறாரா, இதயமும் சிறுநீரகமும் எவ்வாறுள்ளன என்பவற்றையே மருத்துவர் முதலில் ஆராய்வர். வலிமை இருப்பின் கீமோதெரபியைக் குறைந்த அளவில் தொடங்கலாம். பிரிட்டனில் முதியோரும் நலிந்தோருமான 459 பேரிடம் நடத்தப்பெற்று 2011-இல் வெளியான ஆய்வில், வழக்கமான அளவில் 80 விழுக்காடே முதலில் கொடுக்கப்பட்டது. கேபசிடபீன் என்னும் மாத்திரையும் உண்டு. வயிற்றுப்போக்கு மிகுந்தாலோ, உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்தாலோ உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். குடல் அடைத்துக்கொண்டால், வயிற்றில் வேறு வழி அமைக்கும் அறுவையோ, உள்ளே பொருத்தும் உலோகக் குழாயோ நோயைத் தீர்க்காவிடினும் வேதனையைத் தணிக்கும்.

மருந்தின் துன்பம் அதன் பயனை மிஞ்சும்போது அதை நிறுத்துவது நோயாளியைக் கைவிடுவதாகாது. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளுவதே கடமை என்றும், கடும் வலிக்கு மயக்க மருந்து தருவது தகும் என்றும் 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். ஆகவே மார்ஃபினுக்கு அஞ்ச வேண்டா. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அதைப் பெறும் முறை எளிதாக்கப்பட்டது. மருத்துவர் சொன்ன அளவில், நேரந் தவறாது கொடுத்தல் வேண்டும். மலச்சிக்கலுக்கான மருந்தையும் உடன் கேட்டுப் பெறுக.

நோயில்பூசுதலையும் நினைவு தப்பும் வரை தள்ளிப்போடலாகாது. எல்லாவற்றிற்கும் முன்பாக, மகனும் மகளும் பாட்டியின் அருகில் அமரட்டும், உண்மையைப் பக்குவமாய் எடுத்துரைத்து, "அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கட்டும். ஒருவேளை அவர் மருத்துவத்தை விரும்பலாம். ஒருவேளை தம் வீட்டுத் திண்ணையை விரும்பலாம். எதுவாயினும் அந்த விடையே சிகிச்சையின் தொடக்கம்.