வலி திரும்ப வந்தால் வைத்தியம் தோற்றுவிட்டதா?

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘என் வீட்டுக்காரருக்கு வயது 51. மூன்று வருடமாக முதுகுவலி. ஸ்கேன் பார்த்த டாக்டர், வயதுக்கேற்ற தேய்மானம்தான், ஆபரேஷன் வேண்டாம் என்றார். கடன் கவலையும் தூக்கமில்லாததும்தான் வலியைப் போகவிடாமல் வைத்திருக்கிறது என்று சொல்லி, நடைப்பயிற்சி, பிசியோதெரபி, மனநல ஆலோசனை மூன்றுக்கும் அனுப்பினார். ஐந்து மாதத்தில் நன்றாகத் தேறி, மடை திறக்க அவரே போகும் அளவுக்கு வந்துவிட்டார். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ஒன்பது நாள் காத்துக் கிடந்தோம். மழையில் நெல் நனைந்து, ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போய்விட்டது. அவர் ஒரு மூட்டையைக்கூடத் தூக்கவில்லை. ஆனாலும், பத்தாவது நாள் காலையில் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. எல்லாம் வீண் என்று பயிற்சியை நிறுத்திவிட்டார். இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிடலாம் என்கிறார். என்ன செய்வது?’

பதில், கேள்விக்குள்ளேயே பாதி இருக்கிறது. மூட்டை தூக்காமலேயே வலி வந்திருக்கிறது. அப்படியானால், முதுகில் புதிதாக எதுவும் உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒன்பது நாள் கவலையும், கண் மூடாத இரவுகளும்தான் பழைய வலியைத் தட்டி எழுப்பியிருக்கின்றன.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அடிபட்ட இடம் ஆறிய பிறகும், நரம்பு மண்டலம் விழிப்பாகவே இருந்துவிடுவது உண்டு. ஒருமுறை திருடன் வந்த வீட்டுக் காவல் நாய், அதன்பிறகு இலை அசைந்தாலும் குரைப்பதைப் போலத்தான் இதுவும். கவலை கூடும்போது தசைகள் இறுகும், தூக்கம் கெடும், மூளை சின்ன அசைவையும் ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். அதனால் வரும் வலி பொய் வலி அல்ல, உண்மையான வலிதான். ‘எல்லாம் உன் நினைப்புதான்’ என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஸ்கேனில் தெரியும் தேய்மானத்தைக் கண்டும் மிரள வேண்டியதில்லை. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி, 20 வயதுக்காரர்களில் 37 சதவிகிதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவிகிதம் பேருக்கும் முதுகெலும்பு வட்டில் தேய்மானம் இருந்தது. தலையில் நரை விழுவதைப் போல இதுவும் வயதின் அடையாளம்.

இந்த வகை வலி நேர்கோட்டில் குறையாது. இரண்டு அடி முன்னால் போகும், ஓர் அடி பின்னால் வரும். ஐந்து மாத முன்னேற்றம் ஒரே காலையில் அழிந்துவிடாது. ஒருமுறை தேறிய உடம்புக்கு, மறுபடி தேறும் வழி தெரியும். முதல்முறை ஐந்து மாதம் ஆனது என்பதற்காக இப்போதும் ஐந்து மாதம் ஆக வேண்டும் என்பதில்லை. ‘திரும்ப வந்துவிட்டதே’ என்ற பயத்தில் அசையாமல் படுத்துவிடுவதுதான் இதில் பெரிய இடைஞ்சல். படுக்கப் படுக்கத் தசை தளரும். தளர்ந்த தசை கொஞ்சம் அசைந்தாலும் வலிக்கும். வலித்தால் பயம் கூடும்.

அவர் செய்ய வேண்டியவை இவை:

முதல் இரண்டு நாள்: வேலையைக் குறைக்கலாம், முழுநாளும் படுக்கக் கூடாது. மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். கடையில் தானாக வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டரைக் கேட்டே போட வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து: பயிற்சியைப் பாதி அளவில் தொடங்க வேண்டும். முன்பு 30 நிமிடம் நடந்தவர் இப்போது 15 நிமிடம் நடக்கலாம். அதுவும் முடியாவிட்டால் காலையில் 5, மாலையில் 5. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டலாம். வலி இல்லாத நாளில் ஒரேயடியாக நாற்று மூட்டையைத் தூக்குவதும், மறுநாள் முடங்கிக் கிடப்பதும் கூடாது. நல்ல நாளோ, கெட்ட நாளோ, திட்டமிட்ட அளவுதான்.

மூச்சுப் பயிற்சி: காலையும் இரவும் ஐந்து நிமிடம். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விட வேண்டும். இறுகிய உடம்பு இதில் தளரும்.

நோட்டுக் கணக்கு: உரம், கூலி எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, வலி எவ்வளவு, எத்தனை மணி நேரத் தூக்கம், அன்றைக்கு என்ன கவலை என்று ஒரு வரி எழுதி வரலாம். ஒரு மாதத்தில், எந்தக் கவலைக்குப் பிறகு வலி கூடுகிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும். அடுத்தமுறை வலி வரும்போது பயம் பாதியாகும்.

கவலைக்கும் வைத்தியம் வேண்டும். கடன் கவலை மூச்சுப் பயிற்சியில் மட்டும் போய்விடாது. கணவன், மனைவி இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, எது அவசரம் என்று எழுதிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் சுழலும் கடனைவிட காகிதத்தில் இருக்கும் கடன் சிறியதாகத் தெரியும். நிறுத்திய ஆலோசனையைத் தொடர வேண்டும். உடனே போக முடியாவிட்டால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பிசியோதெரபிக்கு அலைய முடியாதவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வசதி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. ‘வலிக்குதா, வலிக்குதா’ என்று அடிக்கடி கேட்டால், மறந்திருந்த வலியும் நினைவுக்கு வரும். ‘இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?’ என்று கேட்கலாம். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாமல், தீவனம் கலப்பது, மடை பார்ப்பது போன்றவற்றை அவரிடமே விட வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடமும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகியவை இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வரும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது.

கடைசியாக, மாடுகள். வலி உச்சத்தில் இருக்கும் வாரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் வலி எடுக்கும் முடிவுதான். நெல் பணம் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில், அன்றாடம் கைக்கு வருவது பால் காசு. அதுவும் நின்றால் கவலை இன்னும் கூடும். ஒரு மாதத்துக்கு விற்பனைப் பேச்சே வேண்டாம். அதுவரை வாசகியோ, பிள்ளைகளோ பால் கறக்கட்டும். அவர் தேறி வந்த பிறகு, குத்துக்காலிடாமல் சிறிய முக்காலியில் உட்கார்ந்து ஒரு மாட்டில் தொடங்கலாம். மாதம் முடிந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, இருவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.