நூறு நட்சத்திரம் விலைக்கு வருகிறது... வாங்கலாமா?

கேள்வி: "ஆவடியை அடுத்த பட்டாபிராம் பக்கத்தில் முக்கால் ஏக்கரில் நானும் என் கணவரும் 11 ஆண்டுகளாக நர்சரி நடத்துகிறோம். மல்லி, ரோஜா, மா, கொய்யா, பப்பாளி, காய்கறி நாற்று எல்லாம் விற்கிறோம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள். போன வருடம் மகன் கூகுள் மேப்பில் எங்கள் நர்சரியைப் பதிவு செய்தான். இதுவரை 14 ரிவியூதான் வந்திருக்கிறது. அதில் 9 பேர் ஐந்து நட்சத்திரம், 5 பேர் ஒரு நட்சத்திரம். எதிர்ச்சாரியில் புதிதாக வந்த நர்சரிக்கு 200 ரிவியூ இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காரில் வந்த கணவன் மனைவி எங்கள் கேட் வரை வந்து, போனைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். மனசு விட்டுப்போச்சு. ஒரு தம்பி வந்து, காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் 100 நல்ல ரிவியூ போட்டுத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?" - பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால், அந்தத் தம்பிக்குக் கொடுக்கும் காசு வீண். ஏன் என்று சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

காசுக்கு வரும் ரிவியூ எப்படி இருக்கும்? 'நல்ல கடை', 'சூப்பர் சர்வீஸ்' என்று இரண்டு வார்த்தை. செடியின் பெயர் இருக்காது. ஒரே ராத்திரியில் முப்பது விழும். எழுதியவர் பெயரைத் தட்டிப் பார்த்தால், அதே நாளில் எங்கோ வடநாட்டில் இருக்கும் பல் மருத்துவமனைக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார். செடி வாங்க வருகிறவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கூகுளும் கண்டுபிடிக்கிறது. போலி என்று தெரிந்தால் அவற்றை நீக்கும்; சில காலத்துக்குப் புது ரிவியூவே வராமல் நிறுத்தும்; 'இந்தக் கடையின் போலி ரிவியூக்கள் நீக்கப்பட்டன' என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எச்சரிக்கையும் போடலாம். 11 வருட நர்சரிக்கு அந்த ஒரு வரி போதும், பெயர் கெட.

சட்டமும் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய ரிவியூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரவிதியைக் கொண்டு வந்தது. காசு கொடுத்து வாங்கியதையும், கடைக்காரரே ஆள் வைத்து எழுதியதையும் வெளியிடக் கூடாது என்கிறது அது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்தும், பிரிட்டனில் 2025 ஏப்ரலிலிருந்தும் போலி ரிவியூவுக்குத் தடை. உலகம் போகிற திசை இதுதான்.

முதலில் அந்த ஐந்து பேரைப் படியுங்கள்

உங்கள் மகன் அனுப்பிய படங்களில் அந்த ஐந்து ரிவியூவையும் படித்தேன். இரண்டு பேர் பப்பாளி பூக்கிறது, காய்க்கவில்லை என்கிறார்கள். ஒருவர், ஒட்டு மாங்கன்று என்று கொடுத்தது வேறு மாதிரி வளர்கிறது என்கிறார். ஒருவர், மல்லிச்செடி பத்து நாளில் கருகிவிட்டது என்கிறார். கடைசி ஆள், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, கோபப்பட்டார்கள் என்கிறார். ஐந்துமே பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பப்பாளியில் கோ 2, கோ 8 மாதிரி ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. நாற்றில் வித்தியாசம் தெரியாது, பூத்தால்தான் தெரியும். மாடியில் ஒரே ஒரு கன்று வைக்கிறவருக்கு அது ஆணாகப் போனால், ஒரு வருடம் தண்ணீர் ஊற்றியது வீண். அவர் ஒரு நட்சத்திரம்தான் போடுவார். ஒரு கன்று கேட்கிறவருக்கு கோ 7 அல்லது ரெட் லேடி கொடுங்கள். அவற்றில் தனி ஆண் மரம் வராது. ஆனால், விதை நம்பகமான இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பழத்திலிருந்து எடுத்த விதைக்கு உத்தரவாதம் கிடையாது.

மாங்கன்றில், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை அவர் கிள்ளாமல் விட்டிருப்பார். வேர்ச்செடி வேகமாக ஏறி, மேலே ஒட்டிய ரகம் நலிந்துபோயிருக்கும். அவருக்கு இது தெரியாது. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும், கீழ்த்துளிரைக் கிள்ள வேண்டும், முதல் மூன்று வருடம் பூவைக் கிள்ளிவிட வேண்டும். இந்த மூன்றையும் சொல்லித்தான் கன்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

மல்லி கருகியதற்குக் காரணம், நிழல்வலைக் குடிலில் இருந்த செடி நேராக மொட்டை மாடி வெயிலுக்குப் போனது. விற்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே செடிகளை வலைக்கு வெளியே கொண்டுவந்து, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வெயிலுக்குப் பழக்குங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வாரம் காலை வெயில் மட்டும் படட்டும் என்று சொல்லுங்கள். பிறகு மல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்துத் தெளிக்கச் சொல்லுங்கள்.

கோபப்பட்ட விஷயத்துக்கு நான் மருந்து சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மட்டும் கூட ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஐந்தில் நான்கு குறைகள் உங்கள் கேட்டைத் தாண்டிய பிறகு செடிக்கு நடந்தவை. அதனால், செடிக்கு ஒன்றாகப் பராமரிப்புச் சீட்டு அச்சடியுங்கள். பாதிப் பக்கம் போதும். ரகத்தின் பெயர், எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர், முதல் மாதம் செய்யக் கூடாதது, உங்கள் போன் நம்பர். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவும் அதில் எழுதுங்கள். மாடித்தோட்டத்தில் தண்ணீர் இல்லாமல் சாகிற செடியைவிட, தண்ணீர் தேங்கிச் சாகிற செடிதான் அதிகம் என்பது நான் பார்த்த அனுபவம்.

எப்போது, எப்படிக் கேட்பது?

மளிகைக் கடையில் பொருள் வாங்கிய அன்றே கருத்துச் சொல்லிவிடலாம். நர்சரியில் முடியாது. செடி பிழைத்த பிறகுதான் கருத்தே பிறக்கும். நீங்கள் கேட்காததால், செடி செத்தவர் கோபத்தில் தானாக எழுதுகிறார். செடி பூத்தவர் சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். உங்கள் 14-ல் நடந்தது இதுதான்.

ஒரு நோட்டுப் போடுங்கள். சம்மதம் கேட்டு, வாங்குகிறவர் பெயர், போன் நம்பர், செடி, தேதி எழுதுங்கள். 15-ம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி: 'நீங்கள் வாங்கிய மல்லி எப்படி இருக்கிறது?' அப்போது ரிவியூ கேட்காதீர்கள். இலை வாடியிருக்கிறது என்றால் போட்டோ அனுப்பச் சொல்லி வழி சொல்லுங்கள். உங்கள் தவறு என்றால் கன்றை மாற்றிக் கொடுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து, 'எங்களிடம் வாங்கிய அனுபவத்தை, நல்லதோ கெட்டதோ, இரண்டு வரி எழுதுங்கள். எந்தச் செடி என்றும் சொல்லுங்கள்' என்று இணைப்பை அனுப்புங்கள். கூகுள் பதிவிலேயே அந்த இணைப்பும், ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடும் இலவசமாகக் கிடைக்கும். மகனிடம் சொல்லி கியூஆர் கோடைப் பராமரிப்புச் சீட்டின் பின்பக்கம் அச்சடியுங்கள்.

இதில் மூன்று எச்சரிக்கை. செடி நன்றாக இருக்கிறது என்றவருக்கு மட்டும் இணைப்பை அனுப்பக் கூடாது. நோட்டில் இருக்கிற எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். ரிவியூ போட்டால் ஒரு ரோஜா இலவசம் என்றும் சொல்லக் கூடாது. இரண்டுமே கூகுள் விதிக்கு எதிரானவை. சொந்தக்காரர்களையும் வேலையாட்களையும் எழுதவைக்காதீர்கள்.

கெட்ட ரிவியூவுக்கு என்ன பதில்?

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உண்மையான குறையை நீக்கச் சொல்லி கூகுளிடம் கேட்டாலும் நீக்க மாட்டார்கள். கெட்ட வார்த்தை, உங்கள் கடைக்கே சம்பந்தமில்லாதது என்றால்தான் புகார் செய்யலாம். மற்றதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். இப்படி:

"வணக்கம் ஐயா. உங்கள் பப்பாளி ஆண் மரமாக வந்திருக்கிறது. கன்று கொடுக்கும்போதே இதைச் சொல்லாதது எங்கள் தவறு. நேரில் வாருங்கள், கோ 7 கன்று தருகிறோம்."

அவ்வளவுதான். 'நீங்கள்தான் சரியாக வளர்க்கவில்லை' என்று வாதாடாதீர்கள். அந்தப் பதில் அவருக்காக மட்டும் அல்ல. கேட் வாசலில் நின்று போனைப் பார்க்கிற அடுத்த குடும்பத்துக்காக. மனம் மாறினால் அவரே தன் ரிவியூவைத் திருத்தலாம். கன்று கொடுத்ததற்காகத் திருத்தச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது உங்கள் சராசரி 3.6. இன்னும் 20 பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் 4.4 ஆகிவிடும். 100 வேண்டாம், 20 போதும். 11 வருடமாக விற்ற செடிகளில் பூத்தது, காய்த்தது 20 வீட்டில்கூடவா இருக்காது?

எதிர்ச்சாரி நர்சரியின் 200-ஐ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஆடிப் பட்டத்துக்கு மாடித்தோட்டக்காரர்கள் வரத் தொடங்குவதற்குள் சீட்டையும் நோட்டையும் தயார் செய்யுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. அந்த ஐந்து பேருக்கும் பதில் எழுதுங்கள். பொங்கலுக்குள் எத்தனை ரிவியூ வந்தது, என்ன குறை வந்தது என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.