போலீசார் எழுதிய வாக்குமூலம்

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் பூந்தமல்லி தடா கோர்ட்டார் 26 பேருக்கும் ஒரே மூச்சாய்த் தூக்கு விதித்தார்கள். 1999-இல் சுப்ரீம் கோர்ட்டார் 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தார்கள். தடாக் குற்றமே நிற்காதென்றும் சொன்னார்கள். ஆனால் அந்தத் தடாச் சட்டப்படி போலீஸ் சூப்பிரண்டு எழுதிக்கொண்ட வாக்குமூலம் மட்டும் சொன்னவர் மீதும், கூட விசாரிக்கப்பட்டவர் மீதும் செல்லுமாம்! சாதாரண வழக்கில் செல்லாதது இங்கு செல்லுவானேன் என்று கேட்கின்றோம். வாங்க வந்த வியாபாரியே எடைபோட்டு, அவனே கணக்கும் எழுதினால், மரக்காணப் பக்கத்து உப்பளத் தோழர்கள் ஒப்புவார்களா?

பேட்டரி வாங்கிய பேரறிவாளனுக்குத் தூக்கு உறுதியாயிற்று. எதற்கென்று தெரியாதென அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, எழுதிய அதிகாரியே 2013-இல் வாய்விட்டுச் சொன்னார். விடுதலை 2022 மே 18-இல். 19 வயதில் பிடிபட்டவருக்கு அன்று வயது 50.