ஒரு இடத்தைச் சொல்லுங்கள்

நாரி நோகுது என்றால் நம்புவார்கள். முழங்கால் நோகுது என்றாலும் நம்புவார்கள். நாரி, முழங்கால், பிடரி, இரண்டு தோள், மணிக்கட்டு எல்லாம் ஒன்றாக நோகுது என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவரின் முகம் மாறிவிடும். வீட்டில் மருமகளின் முகம் மாறும். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளரின் முகம் மாறும். வரிசை வாசல் வரைக்கும் நிற்கிற நாளில் ஆஸ்பத்திரி டொக்டரின் முகமும் மாறும். "கூட நோகிற ஒரு இடத்தைச் சொல்லுங்கம்மா" என்பார். நானும் ஒரு தரம் முழங்காலைச் சொல்வேன், மறுதரம் தோளைச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள், "வயசுக்குரிய தேய்வுதான்" என்று பதில் வரும், பனடோலும் பூசுகிற களிம்பும் கிடைக்கும். சொல்லாமல் விட்ட மிச்ச இடங்கள் என்னோடு கூடவே வீட்டுக்கு வரும்.

அந்த டொக்டர்மாரில் எனக்குக் கோபமில்லை. ஒரு காலையில் அவ்வளவு பேரைப் பார்க்கிறவருக்கு ஒருவரோடு கதைக்கச் சில நிமிடம்தான் உண்டு. என் வழக்கு அந்தக் கேள்வியோடுதான். பல இடத்து நோவு என்பது பல சின்ன நோய்களின் கூட்டல் என்று அந்தக் கேள்வி நினைக்கிறது. பெரும்பாலும் அது ஒரே நோய்.

எங்கள் கல்குடாவில் யாருக்கு இந்தப் பல இடத்து நோவு இருக்கிறது என்று தேடத் தேவையில்லை. கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போனால் போதும். வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் பிடித்து, இடுப்போடு அணைத்து, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னுக்கு நடக்கிறார்கள். மடி கரைக்கு வரும்வரை நிறுத்த ஏலாது. அந்த வேலையில் கை தனியாகவும் நாரி தனியாகவும் உழைப்பதில்லை. ஒரு முழங்கால் பழுதானால் மற்றக் கால் சுமக்கும், அந்தப் பக்கத்து நாரி வளையும், கொஞ்ச நாளில் தோள் பிடிக்கும். ஐம்பது வயதுக்கு மேல் கயிறு பிடிக்கிற ஆணிடம் எந்த இடம் என்று கேட்டால், உள்ளங்கையால் உடம்பை மேலிருந்து கீழாகத் தடவிக் காட்டுவார்.

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு பாசிக்குடாக் கரையில் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. வாழைச்சேனை, பேத்தாழைப் பக்கத்துப் பெண்கள் பலர் அங்கே அறை துப்புரவுக்குப் போகிறார்கள். மெத்தையைத் தூக்கி விரிப்பை இழுத்துச் செருகுவது, குளியலறைத் தரையில் குந்தியிருந்து தேய்ப்பது, ஈரத் துணிக் கூடையைச் சுமப்பது என்று பகல் போகும். வீட்டுக்கு வந்தால் கிணற்றடி, அடுப்படி, பிள்ளையின் பாடக் கொப்பி. அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "எந்த இடம் நோகுதெண்டு சொல்ல எனக்குத் தெரியாதுகா. நோகாத இடத்தக் கேட்டாச் சொல்லலாம்." அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

இதற்கு உலகத்தில் கணக்கு உண்டு. எலும்பு, மூட்டு, தசை நோய்களோடு வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 171 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு ஆய்வு. இங்கிலாந்தின் டேவிட் கொகன் தலைமையில் 18 நாடுகளில், 47 தொழில் குழுக்களைச் சேர்ந்த 12,000 க்கு மேற்பட்டவர்களிடம் நோவைப் பற்றிக் கேட்டார்கள். இலங்கையும் அதில் இருந்தது. ஒரு இடத்தில் நோவு உள்ளவருக்கு இன்னொரு இடத்திலும் இருப்பது, தற்செயலாக எதிர்பார்க்கக் கூடியதைவிட மிக அதிகமாக இருந்தது. ஒரே வேலை செய்கிறவர்களிடையே கூட நாட்டுக்கு நாடு நோவின் அளவு பல மடங்கு வேறுபட்டது. பாரம் தூக்குவதும் குனிவதும் மட்டும் காரணமாக இருந்தால் அப்படி வேறுபடாது. உடம்பில் நோவைக் கையாளுகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அது சிலரிடம் சீக்கிரம் குழம்பிவிடுகிறது.

அந்த ஏற்பாடு முள்ளந்தண்டு நரம்பிலும் மூளையிலும் இருக்கிறது. தசையிலிருந்து வருகிற சேதியை அது கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். நெடுநாள் நோவு, நித்திரையின்மை, காய்ச்சல், பயம் எல்லாம் சேரும்போது குறைக்கிற பக்கம் சோர்ந்துபோகிறது, கூட்டுகிற பக்கம் ஓயாமல் வேலை செய்கிறது. அப்போது தசையிலோ எலும்பிலோ பெரிய சேதம் இல்லாமலே உடம்பு முழுக்க நோகும். சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 2017 இல் இந்த வகை நோவைத் தனியாக அடையாளப்படுத்தி ஒரு பெயர் கொடுத்தது. பைப்ரோமயால்ஜியா என்று டொக்டர்மார் சொல்வது இதில் ஒரு வகை. 1990 இன் விதிப்படி அதைக் கண்டுபிடிக்க உடம்பின் 18 புள்ளிகளை விரலால் அமுக்கி, 11 இல் நொந்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். 2010 இல் வந்த விதியில் அந்த அமுக்கல் போய்விட்டது. நோகிற இடங்கள் எத்தனை, நித்திரை எப்படி, களைப்பு எப்படி என்று நோயாளியைக் கேட்டே முடிவு செய்யலாம் என்றானது. நோவுக்காரரின் வாயை நம்பலாம் என்று மருத்துவம் எழுத்தில் ஒப்புக்கொண்ட அந்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நித்திரையைச் சும்மா சேர்த்துச் சொல்லவில்லை. 1975 இல் கனடாவின் ஹார்வி மோல்டோவ்ஸ்கி என்ற வைத்தியர் நல்ல சுகமுள்ளவர்களின் ஆழ்ந்த நித்திரையை மட்டும் சத்தம் வைத்துக் குழப்பினார். சில இரவுக்குள் அவர்களுக்கு உடம்பு உளைவும், தொட்டால் நோகிற தன்மையும் வந்தன. விடியுமுன் கடலுக்குப் போகிற வீட்டில், நடுச்சாமம் எழும்பித் தேத்தண்ணீர் வைக்கிற பெண்ணுக்கு ஆழ்ந்த நித்திரை எங்கே கிடைக்கும்?

எங்கள் கரையில் இன்னொரு காரணமும் உண்டு. 2006 இன் கடைசியில், மாரி மழையோடு சிக்குன்குன்யா கிழக்குக்கு வந்தது. இலங்கையில் அது 1960 களுக்குப் பிறகு பெரிதாகத் தலைகாட்டாத காய்ச்சல். பகலில் கடிக்கிற நுளம்பு காவுகிற வைரசு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தெருவுக்குத் தெரு ஆட்கள் கூனிக்கொண்டு நடந்தார்கள். காய்ச்சல் சில நாளில் விட்டது, மணிக்கட்டும் கணுக்காலும் விரல் மொழிகளும் விடவில்லை. எனக்கு விரல் மடக்கிப் பேனை பிடிக்கப் பல மாதம் எடுத்தது. அதே மாதங்களில் வாகரையில் சண்டை. அங்கிருந்து சனம் காட்டு வழியாலும் கடல் வழியாலும் மட்டக்களப்புப் பக்கம் வந்து முகாம்களில் நிலத்தில் படுத்தது. காய்ச்சல் கண்ட மூட்டோடு மூட்டை சுமந்து நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் முன் ரீயூனியன் தீவில் மூன்றிலொரு பங்கு மக்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. அங்கே ஆய்வாளர்கள் தொடர்ந்து போய்ப் பார்த்து, பலருக்கு வருடக்கணக்கில் மூட்டு நோவு இருந்ததை எழுதிவைத்தார்கள். எங்களை யாராவது அப்படித் தொடர்ந்து வந்து கேட்டிருந்தால், இன்று கிளினிக்கில் "எப்ப தொடங்கினது?" என்ற கேள்விக்குப் பாதிப்பேரின் பதில் ஏற்கனவே கொப்பியில் இருந்திருக்கும். 2025 இல் சிக்குன்குன்யா மறுபடி நாட்டுக்குள் வந்தது. இந்த முறையாவது காய்ச்சல் விட்ட பிறகும் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

யுத்தத்தைத் தொடாமல் இந்த நோவை எழுத ஏலாது. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்த 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் இந்தப் பக்கத்து ஊர்களில் முதிர்ந்தார்கள். பெற்றிசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990 களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் இருந்து பார்த்து எழுதினார். காணாமற்போனவரைத் தேடி வருகிற தாயின் முன்னால் தெய்வமாடுகிறவர், அந்தப் பிள்ளை பட்ட வேதனையைத் தன் உடம்பிலேயே வாங்கிக் காட்டுவார். வெளியே வாய் திறக்கப் பயந்த காலத்தில், அந்த வாசலில் நோவைக் கேட்க ஒருவர் இருந்தார். வடக்கில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரமும், மனதில் பட்ட அடி உடம்பு நோவாக வருவதை விரிவாக எழுதியிருக்கிறார். 1998 இல் வந்த அவருடைய ஆங்கில நூல் அதற்குச் சாட்சி.

இதைச் சொன்னதும் சிலர் "அப்ப எல்லாம் மனசுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. துக்கம் நித்திரையைக் கெடுக்கிறது, நித்திரை கெட்டால் நரம்பு கூர்மையாகிறது, கூர்மையான நரம்பு முழங்காலின் சின்னத் தேய்வையும் பெரிதாக்குகிறது. இதில் எந்தக் கண்ணி பொய்? மகனைத் தேடுகிற தாயின் முழங்கால் மற்றவர்களின் முழங்காலைப் போலவே தேய்கிறது. அதற்கும் மருந்து வேண்டும்.

மருந்து விஷயத்தில் எங்கள் ஆட்கள் செய்கிற இரண்டு காரியம் எனக்குக் கவலை. ஒன்று, பார்மசியில் வாங்கி விழுங்குகிற டைக்லோபெனாக், ஐபுபுரோபன் போன்ற குளிசைகள். ஒரு கிழமைக்கு என்று கொடுத்ததை மாதக்கணக்கில் போடுகிறார்கள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் அதன் பின்னால் வரலாம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. அடுத்த மாவட்டமான பொலன்னறுவையில் சிறுநீரக நோய் என்ன பாடுபடுத்துகிறது என்று எங்களுக்குத் தெரியும். காரணம் வேறாக இருக்கலாம், பழுதான சிறுநீரகத்தோடு வாழ்வது எங்கேயும் ஒன்றுதான்.

மற்றது, சில டொக்டர்மார் இரவில் போடச் சின்ன அளவில் அமிட்ரிப்டிலின் தருவார்கள். நித்திரையைச் சீராக்கி நோவைத் தணிக்கிற மருந்து அது. யாராவது பெயரைப் பார்த்துவிட்டு "இது மனநோய்க்குக் குடுக்கிறது" என்பார்கள், குளிசை குப்பைக்குப் போகும். அது முன்பு மனச்சோர்வுக்குப் பெரிய அளவில் கொடுத்த மருந்துதான். சின்ன அளவில் நரம்பின் நோவுக்கும் கொடுக்கிறார்கள். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஒத்துவராவிட்டால் டொக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும், வீசக் கூடாது.

ஒத்தடம், எண்ணெய், நொச்சி இலை வெந்நீர், சித்தாலேபை எல்லாம் என் வீட்டிலும் உண்டு. முறிவு நெறிவு வைத்தியரின் கைக்கு எனக்கு மரியாதை உண்டு. அவை தருகிற ஆறுதல் உண்மை. ஆனாலும் பைப்ரோமயால்ஜியாவுக்கு ஐரோப்பிய மூட்டுநோய் வைத்தியர்கள் 2016 இல் சான்றுகளையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தபோது, உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. நாள் முழுக்க உழைக்கிறவளிடம் இதைச் சொல்ல வாய் கூசும். வேலையில் உடம்பு ஒரே அசைவையே திரும்பத் திரும்பச் செய்கிறது. பயிற்சியில் அது மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சுமையில்லாமல் அசைகிறது. பாசிக்குடாவின் ஆழமில்லாத, அலை அடங்கிய தண்ணீர் எங்கள் வாசலில் கிடக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நடந்தால் முழங்காலுக்குப் பாரம் பாதியாகும். வெளிநாட்டார் பணம் கொடுத்து வந்து இறங்குகிற தண்ணீரில், எங்கள் ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் சேர்ந்து இறங்கி நடக்க ஒரு ஏற்பாடு வேண்டும். இயன்மருத்துவர் ஒருவர் கிழமைக்கு ஒரு தரம் வந்து காட்டிக்கொடுத்தால் போதும். பிரதேச சபையும் சுகாதார அலுவலகமும் நினைத்தால் செய்யக்கூடிய காரியம் இது.

எல்லா நோவும் இந்த வகை என்றும் நினைத்துவிடக் கூடாது. காலையில் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விரல் மடங்கவில்லை என்றால், விரல் மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், அது மூட்டுவாதமாக இருக்கலாம். தைரொயிட் குறைந்தாலும், விற்றமின் டி குறைந்தாலும் உடம்பு முழுக்க நோகும். கொலஸ்ரோல் குளிசையும் சிலருக்குத் தசை நோவைத் தரும். இவை பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையில் அல்லது மருந்தை மாற்றிப் பார்ப்பதில் தெரியவரும். மெலிவு, இரவுக் காய்ச்சல், கால் மரத்துப் பலமிழத்தல், சிறுநீர் போவதில் தடை இருந்தால் காத்திருக்கவே கூடாது.

அடுத்த தரம் கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஒரு இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டாம். பிள்ளையிடம் சொல்லி ஒரு தாளில் ஆள் உருவத்தை முன்னும் பின்னுமாகக் கீறுவித்து, நோகிற இடமெல்லாம் பென்சிலால் கறுப்பாக்குங்கள். எப்போது தொடங்கியது, சிக்குன்குன்யா வந்ததா, எத்தனை மணித்தியாலம் நித்திரை, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம், என்னென்ன குளிசை போடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். உள்ளே போனதும் கதைக்கு முன் அந்தத் தாளை மேசையில் வையுங்கள், டொக்டர் ஒரே பார்வையில் வாசித்துவிடுவார். மூட்டு வீங்குகிற நாளில் அதை ஃபோனில் படமெடுத்தும் வையுங்கள். கிளினிக் நாள் வரும்போது வீக்கம் வற்றிவிடும்.