மைசூருக்கு முன் மங்கம்மாள் மகால்

கல்விச் சுற்றுலா என்பது வகுப்பறைக் கல்வியின் நீட்சி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளின் துறைகள் பலவும் இந்நோக்கத்தை முன்வைத்தே மைசூருக்குப் பேருந்து ஏறுகின்றன. இரவெல்லாம் பயணம், காலையில் அரண்மனை, மாலையில் பிருந்தாவனப் பூங்காவின் வண்ண நீரூற்று, மீண்டும் இரவுப் பயணம். வழிகாட்டி ஒருவர் முன்னே நடக்க, நாற்பது ஐம்பது மாணவர்கள் பின்னே நடக்கின்றனர். அவர் ஒரு மன்னரின் பெயரைச் சொல்கிறார். ஓர் எண்ணைச் சொல்கிறார். அடுத்த கூடத்திற்கு நகரச் சொல்கிறார். ஊர் திரும்பிய மாணவரிடம் என்ன கண்டீர் என வினவினால், நன்றாக இருந்தது என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது.

மைசூரைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. அது காணத் தக்க நகரமே. பழைய மர அரண்மனை 1897இல் தீக்கிரையானபின், ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி 1912இல் நிறைவுற்ற அரண்மனை அங்கு நிற்கிறது. கிருஷ்ணராஜசாகர் அணையின் கீழ், 1927இல் தொடங்கி 1932இல் முடிக்கப்பெற்ற பிருந்தாவனம் மலர்ந்திருக்கிறது. அப்பூங்கா உருவாகக் காரணராயிருந்தவர் மைசூரின் திவானாகப் பணியாற்றிய மிர்சா இஸ்மாயில். காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தின் அழகே அவருக்குத் தூண்டுதலாயிற்று. கண்ணனின் பெயர் தாங்கிய பூங்காவை ஒரு முஸ்லிம் திவான் முகலாயத் தோட்டத்தின் சாயலில் அமைத்தார் என்னும் செய்தி எத்துணை இனியது! ஆயினும் அதைக் கேட்டறியாமலே பிருந்தாவனத்தைச் சுற்றி வந்தவர் பலர். இடம் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் கதையோ யாரேனும் எடுத்துச் சொன்னாலன்றித் தெரிவதில்லை. ஆகவே, எங்குச் செல்கிறோம் என்பதைப் போலவே, யார் சொல்லக் கேட்கிறோம் என்பதும் சுற்றுலாவின் பயனை முடிவு செய்கிறது.

ஒரே ஆறு, இரு அரங்கங்கள்

மைசூர்ப் பயணத்தில் சீரங்கப்பட்டணமும் தவறாது இடம்பெறும். அது காவிரி சூழ்ந்த தீவு. அங்கே பள்ளிகொண்ட பெருமாளை ஆதி அரங்கன் என்பர். திப்பு சுல்தான் அக்கோயிலுக்கு வெள்ளிக் கலங்கள் அளித்தமையும், அவருடைய தரியா தௌலத் என்னும் மாளிகை 1784இல் ஒரு தோட்டத்தின் நடுவே எழுந்தமையும் வரலாறு. அத்தீவைக் கடக்கும் அதே காவிரிதான் முக்கொம்பில் கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிந்து, நம் கண்ணெதிரே மற்றொரு தீவை உண்டாக்குகிறது. அத்தீவில்தான் திருவரங்கம் இருக்கிறது. அங்கும் கோயில் உண்டு, தோட்டம் உண்டு, ஆற்றின் தென்பால் அரண்மனையும் உண்டு. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து நாம் தேடிச் செல்லும் பூங்காவும் அரண்மனையும் நகரப் பேருந்துச் சீட்டின் தொலைவிலேயே கிடைக்கின்றன என்றால் மாணவர் நகைப்பர். அந்நகைப்பை நீக்குவது தமிழ்த்துறையின் கடமை.

இதில் வேறொரு கருத்தும் அடங்கியுள்ளது. வெளியூர்ச் சுற்றுலாப் பட்டியலில் எல்லா மாணவர் பெயரும் இடம்பெறுவதில்லை. கட்டணம் செலுத்த இயலாதார் சிலர். இரவுப் பயணம் என்றதும் வீட்டில் இசைவு பெற முடியாத மாணவியர் பலர்; நம்மைப் போன்ற நிறுவனங்களில் இவர்தம் தொகை சிறிதன்று. சுற்றுலா உண்மையில் பாடத்தின் நீட்சி எனில், அப்பாடத்தை வகுப்பில் பாதிப்பேர் மட்டும் கற்பது எவ்வாறு முறையாகும்? காலையில் புறப்பட்டு மாலையில் வீடு சேரும் உள்ளூர்ப் பயணத்தில் யாரும் விடுபட வேண்டியதில்லை.

நந்தவனம் என்னும் பாடநூல்

அத்தகைய ஒருநாள் பயணம் திருவரங்கத்து நந்தவனத்தில் தொடங்கட்டும். தொண்டரடிப்பொடியாழ்வார் இங்கு நந்தவனம் அமைத்து, பூத்தொடுக்கும் தொண்டே வாழ்வாக வாழ்ந்தவர். அவர் பாடிய திருமாலை நாற்பத்தைந்து பாசுரம். திருப்பள்ளியெழுச்சி பத்துப் பாசுரம். வகுப்பறையில் நாம் இவற்றைப் பதம் பிரித்துப் பொருள் சொல்கிறோம். தேர்வில் மதிப்பெண் இடுகிறோம். ஆனால் துளசியும் நந்தியாவட்டையும் அலரியும் நிற்கும் பாத்திக்கு அருகே நின்றால்தான், விடியலைப் பாடியவர் விடியுமுன் பூக்கொய்ய எழுந்த தோட்டக்காரர் என்பது மாணவர் நெஞ்சில் பதியும். இராமானுசர் தம் சீடர் அனந்தாழ்வானைத் திருமலைக்கு அனுப்பியதும் அங்கொரு நந்தவனம் அமைக்கத்தான் என்று வைணவ மரபு கூறும். நம் பக்தி இலக்கியத்தில் தோட்டம் என்பது பொழுதுபோக்கும் இடமாக இல்லாமல் உழைக்கும் இடமாக இருந்தது.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்க்கும் இத்தோட்டம் அயலானதன்று. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடத் தொடங்கியபோது, தமிழ் மருதத்தின் ஆறும் வயலும் சோலையுமே அவர் கண்முன் வந்தன. பாலை நிலத்தில் சோலையை நிறுத்திய அப்புலவரின் உள்ளத்தை அறிய, காவிரிக் கரையில் நின்று பார்ப்பதைவிடச் சிறந்த உரை வேறில்லை.

பின்னர், கம்பராமாயணம் அரங்கேறியதாக மரபு சுட்டும் மண்டபத்தைத் தாயார் சந்நிதிக்கு எதிரே காணலாம். ஏழு திருச்சுற்றுகளையும் இருபத்தொரு கோபுரங்களையும் கொண்ட பெருங்கோயில் இது. நூற்றாண்டுகளாக நிறைவுறாது நின்ற தெற்கு இராசகோபுரம் 236 அடி உயரத்தில் 1987இல்தான் முழுமை பெற்றது. பிற சமயத்தார் செல்லலாகாத எல்லை ஒன்று கோயிலுள் உண்டு. அவ்வெல்லையை மதித்து அதற்கிப்பால் நிற்பதும் நம் மாணவர் கற்க வேண்டிய பண்பேயாகும்.

தீவை விட்டு நீங்குமுன், மேலூர் அருகே 2015இல் திறக்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் காணலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட காப்புக்காட்டில், ஏறத்தாழ இருபத்தைந்து ஏக்கரில் அமைந்தது அது. எந்தச் செடியில் எந்தப் பூச்சி முட்டையிடும் என்றறிந்து செடிகளை நட்டு, பூச்சிகள் தாமே வந்து சேருமாறு செய்திருக்கின்றனர். பழைய நந்தவனத்தையும் புதிய பூங்காவையும் ஒரே நாளில் காணும் மாணவர், தோட்டம் என்னும் சொல்லின் பொருள் காலந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதைத் தாமே உணர்வர்.

அரண்மனை சொல்லும் கதை

நண்பகலில் ஆற்றைக் கடந்து நகருக்குள் வரலாம். நத்தர்வலி தர்காவில் லுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு, அங்கிருந்து மலைக்கோட்டையடியில் உள்ள மங்கம்மாள் மகாலுக்குச் செல்லலாம். மதுரை நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனையின் எச்சம் இது. இதற்கெனத் திருமலை நாயக்கர் மகாலின் பகுதிகளைப் பிரித்து எடுத்துவந்தார் என்பர். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற மங்கம்மாளின் பெயரே மக்கள் நாவில் இதற்கு நிலைத்துவிட்டது. கொலுமண்டபத்தில் இன்று அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதைப் பயணம் திட்டமிடுவோர் மறவாதிருக்க வேண்டும்.

இங்குதான் வழிகாட்டியின் பொறுப்பு பெரிதாகிறது. இவ்வரண்மனையின் கதையைப் பலரும் மங்கம்மாளோடு முடித்துவிடுவர். தர்காவில் கதை சொல்வோரோ பலவேளை ஆற்காட்டு நவாபுகளிலிருந்து தொடங்குவர். நாயக்கர்க்குப் பின் இதே அரண்மனையில் நவாபுகள் வாழ்ந்தனர் என்பது இரு கதைகளிலும் விடுபட்டுப் போகிறது. நவாபு முகம்மது அலி காலத்து நூல்கள் இந்நகரை நத்தர்நகர் என்றே குறித்தன. அவரோடு ஆட்சிக்குப் போரிட்ட சந்தா சாகிபு, 1752இல் திருவரங்கத் தீவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தபோது உயிரிழந்தார். முகம்மது அலி 1795இல் சென்னையில் மறைந்தார். வாழ்நாளில் பகைத்த இருவரும் இவ்வூர் மண்ணிலேயே அடக்கமாயினர்.

கசப்பான பகுதிகளையும் நாம் மாணவரிடம் மறைத்தல் கூடாது. 1323இல் தில்லிப் படையெடுப்புக்கு அஞ்சி நம்பெருமாள் திருமேனி ஊரைவிட்டு வெளியேறியதும், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப்பின் 1371இல் திரும்பியதும் இவ்வூர் மறவாத செய்திகள். அவற்றைச் சொல்ல முஸ்லிம் ஆசிரியர் தயங்கவும் வேண்டா. வேறெவரும் மிகைப்படுத்தவும் வேண்டா. அந்த நினைவைக் காத்த கோயிலே துலுக்க நாச்சியாருக்கும் இடமளித்துள்ளது. சுல்தானின் மகளாக மரபு போற்றும் அவளுக்காக அரங்கன் கைலி அணிவதும், ரொட்டி அமுது செய்வதும் வழக்கமாக நிலைத்துள்ளன. மங்கம்மாள் 1701ஆம் ஆண்டு நத்தர்வலி தர்காவுக்கு நிலக்கொடை வழங்கினார். படையெடுப்பை மட்டும் சொல்பவரும், கொடையை மட்டும் சொல்பவரும் பாதி வரலாற்றையே சொல்கின்றனர். பாதி வரலாறு பொய்யைவிடத் தீங்கானது. ஏனெனில் அதற்குச் சான்று காட்ட முடியும்.

என் வேண்டுகோள்

ஆதலின், தமிழ்த்துறை ஆண்டுதோறும் உள்ளூர்ப் பயணம் ஒன்றை நடத்த வேண்டும் என்பதும், அதன் வழிகாட்டிகளாக மாணவரே நிற்க வேண்டும் என்பதும் என் கருத்து. இடத்திற்கு ஒரு குழுவாகப் பிரித்து, ஒரு மாதம் முன்னரே நூலகத்திற்கு அனுப்புவோம். நந்தவனத்தைப் பற்றி ஒரு முஸ்லிம் மாணவியும், தர்காவைப் பற்றி ஓர் இந்து மாணவரும் பேசட்டும். தம் மரபைத் தாமே புகழ்வது எளிது. பிறர் மரபை அவர் முன்னிலையில் பிழையின்றி எடுத்துரைக்க வேண்டுமாயின் மிகுதியும் படிக்க வேண்டும். சொல்லைத் தேர்ந்து பேச வேண்டும். தமிழ் பயில்வோர்க்கு இதனினும் சிறந்த பேச்சுப் பயிற்சி உண்டோ? அவர்தம் குறிப்புகளைத் தொகுத்தால் அடுத்த ஆண்டு மாணவர்க்கு ஒரு கையேடும் கிடைக்கும்.

தெரிந்த ஊரில் காண என்ன இருக்கிறது என்று கேட்போர் இருப்பர். அன்றாடம் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடப்பவர், அருகிலேயே அரண்மனை இருப்பதை அறியாமல் பட்டம் பெற்றுச் செல்லக்கூடும் என்பதே அவர்க்கு நான் தரும் விடை. நண்பர்களோடு வெளியூர் செல்லும் மகிழ்ச்சியை மாணவரிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை. மைசூருக்கும் செல்லட்டும். முதலில் தம் ஊரின் தோட்டத்தையும் அரண்மனையையும் பிறர்க்கு விளக்கிச் சொல்லப் பழகிவிட்டுச் செல்லட்டும். அவ்வாறு செல்பவர், மைசூர் வழிகாட்டி அடுத்த கூடத்திற்கு அழைக்கும்போது ஒரு நொடி தயங்கி நிற்பர். இதைக் கட்டியவர் யார், இங்குப் பணி செய்தவர் யார், இதன்பின் இங்கு வாழ்ந்தவர் யார் என்று வினவுவர். அவ்வினாக்களோடு பயணம் செய்யும் தலைமுறையை உருவாக்க, ஒரு நாளும் ஒரு நகரப் பேருந்தும் போதும்.