பரிசு அப்புறம்... முதலில் சாப்பாடு!

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா எடுத்துக்கொண்ட நேரம் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனைக்கு 55.41. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு... வெண்கலம் போய்விட்டது!

பல வருடங்கள் கழித்து ஒரு பேட்டியில் உஷா காரணம் சொன்னார். ஒலிம்பிக் கிராமத்து உணவு ஒத்துவராமல் கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிட்டாராம். கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு இல்லை. அப்போது அவருக்கு வயது 20.

இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வயிற்றில் இருப்பது ஒரு டீ மட்டுமே. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்கி நின்றுவிடும் பெண்ணை "சோம்பேறி" என்று திட்டும் பயிற்சியாளர், அவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பதுண்டா?

"கஞ்சி குடித்தே உஷா ஜெயிக்கவில்லையா?" என்பார்கள். ஜெயித்த ஒருவர் நம் கண்ணில் படுகிறார். தெம்பில்லாமல் பாதியில் விளையாட்டையே விட்டுப்போன பிள்ளைகளை யார் கணக்கெடுத்தார்கள்?

சரி, கணக்குப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சாதாரணமாக தினம் 40 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்பவருக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். கூடுதலாகத் தேவைப்படும் அந்த 20 கிராமுக்குப் பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் போதும். செலவு 25 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 300 நாள் பயிற்சி என்றால் 7,500 ரூபாய்.

ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் 3 கோடி ரூபாய் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே 3 கோடியில் 4,000 பிள்ளைகளுக்கு ஒரு வருடம் முழுக்க முட்டையும் கடலையும் கொடுக்கலாம்! 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குத்தான். பந்தயத்துக்குத் தயாராகும் வயதில் அது கிடைப்பதில்லை.

ஜெயித்த பிறகு கொடுப்பது பரிசு. ஜெயிப்பதற்கு முன்னால் கொடுப்பதுதான் முதலீடு. முதலே போடாமல் லாபத்தை எதிர்பார்ப்பது எந்த ஊர் வியாபாரம்?