எந்த வலது?

மரக்காணம் டீக்கடையில் நண்பர் அடித்துச் சொல்கிறார்: "அமெரிக்காதான்யா வலதுசாரி நாடு. பிரான்ஸ் இடதுசாரி. என் பேரனுக்கு அங்கே ஒரு குறையும் வராது."

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். வலது, இடது என்ற பேச்சே 1789-இல் பிரெஞ்சு சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதில் பிறந்ததுதான். அதைக்கொண்டு நாடுகளையே எடை போடுவதா?

அமெரிக்க வலதுசாரிகளில் பலருக்கு மருத்துவச் செலவை அரசு ஏற்பதே பிடிக்காது. பிரான்ஸின் மரீன் லெ பென்னோ, 2023-இல் ஓய்வு வயதை 62-இலிருந்து 64 ஆக்கியதை எதிர்த்தவர். 2024-இல் கருக்கலைப்பு உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்க வாக்களித்தவர். பார்த்தால் இடதுசாரி மாதிரி இல்லை? ஆனால் வேலையும் அரசு வீடும் முதலில் பிரெஞ்சுக் குடிமக்களுக்கே என்பது அந்தக் கட்சியின் பழைய பல்லவி. அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 2002-இல் அவருடைய தந்தை வாங்கியது 18 சதவீதத்துக்கும் குறைவு. 2022-இல் மகள் வாங்கியது 41-க்கும் மேல்.

காலமெல்லாம் பேரேடு எழுதியவன் கேட்கிறேன்: எல்லாத் தொகையையும் ஒரே கலத்தில் போட்டுக் கூட்டினால் தணிக்கைக்காரர் விடுவாரா? பணத்துக்கு ஒரு கலம், மதத்துக்கு ஒன்று, குடியேறியவர்களுக்கு ஒன்று என்று பிரித்து எழுதிப் பாருங்கள். புதுச்சேரியில் இருந்துகொண்டே பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கும் நம்மவர்கள் அந்த மூன்றாவது கலத்தை முதலில் பார்க்கட்டும்.

நண்பரின் பேரன் பாரீஸில் இருப்பது இன்னும் விசாவில்தான்.